‘திறந்த தத்தெடுப்பு’ வேண்டாம், ‘தொடர்புள்ள தத்து’ போதும்

நேற்றும் ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசனவரியில் ‘திறந்த தத்தெடுப்பு’ வந்தது. தத்துக் கொடுத்த மகளுக்கு ஒரு தாய் கடிதம் எழுதும் காட்சி. எத்தனையாவது முறையோ, இனியும் பேசாமல் இருக்க மனசு வரவில்லை.

ஓப்பன் அடாப்ஷன் என்பது இதுதான்: பிள்ளை சட்டப்படி வேறு வீட்டுப் பிள்ளை ஆன பிறகும், பெற்றவர்களோடு கடிதமோ படமோ நேர்ச்சந்திப்போ தொடர்வது. தத்து என்பது ‘கொடுக்கப்பட்டது’ என்று பொருள்படும் ‘தத்த’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கொடுத்தவர் வேரிலேயே இருக்கிறார். ‘எடுப்பு’ ஒட்டியதும் எடுத்தவர் மட்டுமே கண்ணில் படுகிறார்.

சரி, ‘திறந்த’வில் என்ன கெட்டுவிட்டது? திறந்த வீடு, திறந்தவெளி என்றால் யாரும் நுழையலாம் என்றுதான் நமக்குப் படும். நடப்பது நேர்மாறு. இங்கிலாந்தில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு கடிதம்தான், அதுவும் முகவரி தெரியாதபடி நடுவில் ஓர் அலுவலகம் வாங்கி அனுப்பும். அங்கே 2014 சட்டத்துக்குப் பிறகு, தத்து ஆணையின்போதோ பின்னரோ நீதிமன்றம் தொடர்புக்கு உத்தரவிடலாம், தடுக்கவும் செய்யலாம்; பெற்றவர் மனுப்போடுவதற்கே முதலில் அனுமதி வாங்கவேண்டும். இப்படி அளந்து அளந்து கொடுப்பதற்குப் பெயர் ‘திறந்த’வா?

சிலர் ‘வெளிப்படைத் தத்தெடுப்பு’ என்கிறார்கள். அது இன்னும் குழப்பம். ‘நீ தத்துப்பிள்ளை’ என்று மறைக்காமல் சொல்வதுதான் வெளிப்படை. அதைச் சொல்லிவிட்டுப் பெற்றவளிடமிருந்து ஒரு வரிகூட வராத வீடுகள் உண்டே. ‘உறவறாத் தத்து’ என்று நானே கொஞ்சநாள் எழுதினேன், ஓசை நன்றாக இருந்தது, ஆனால் தவறு. சட்டத்தில் உறவு அறுந்தே போகிறது, உரிமையும் பொறுப்பும் புதுவீட்டுக்குப் போய்விடுகின்றன. அறாமல் நிற்பது தொடர்பு மட்டும். அதனால்தான் ‘தொடர்புள்ள தத்து’ என்கிறேன். தத்து வடசொல் ஆயிற்றே, ‘மகவேற்பு’ என்று சொல்லலாமே என்பவர்களுக்கு: அதிலும் ஏற்றவர்தான் இருக்கிறார், கொடுத்தவர் மறுபடி காணாமல் போகிறார். தத்துக் கொடுத்தோம், தத்துப் போனான் என்று ஊரில் எல்லோரும் புழங்கும் சொல்லை விரட்டுவானேன்?

இதைவிடக் கொடுமை ‘உயிரியல் தாய்’. உயிரியல் பள்ளிக்கூடப் பாடம். சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலி தத்துத்தாய் இல்லைதான், ஆனாலும் இருவருக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, இருவரையும் ஒரே மகளுக்காக அழவிட்ட மொழி இது. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில அகராதியை மூடிவிட்டு அம்மாக்கள் பேசுவதைக் கொஞ்சம் காதில் வாங்கலாம். அந்தப் படத்தில் கடிதம் ‘நான் உன் உயிரியல் தாய்’ என்று தொடங்குகிறது. எந்தத் தாய் அப்படி எழுதுவாள்? ‘உன்னைப் பெத்தவ எழுதுறேன்’ என்றுதான் எழுதுவாள்.