சமூக ஊடகம்

பேச்சில் சோஷியல் மீடியா, செய்தியில் சமூக ஊடகம். சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையில் இரண்டுமே புழங்குகின்றன.

'மீடியம்' என்ற லத்தீன் சொல்லுக்கு நடு, இடையில் இருப்பது என்று பொருள். அதன் பன்மைதான் 'மீடியா'. தமிழில் 'ஊடு' என்பதும் இடை, நடு, உள் என்பதையே குறிக்கும். ஊடுபயிர், ஊடுருவல் எல்லாம் அதன் வழி வந்தவை. ஆகவே 'ஊடகம்' மிகப் பொருத்தமான ஆக்கம். இதே துறையில், இன்டர்நெட்டுக்கு 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவராக அறியப்படும் நா. கோவிந்தசாமி, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். கணினித் தமிழுக்கும் நம் பள்ளிகளுக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது.

'சோஷியல்' சற்று வேறு. அதன் வேர் 'சோசியஸ்', அதாவது தோழன், கூட்டாளி. நம் 'சமூகம்' கூட்டம் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. தனித்தமிழ் விரும்புவோர் 'குமுக ஊடகம்' என்பார்கள், பரவலாகவில்லை. 'சமூக வலைத்தளம்' என்பதும் உண்டு, ஆனால் கைப்பேசிச் செயலியை வலைத்தளம் என்பது ஒட்டவில்லை. 'சமூக ஊடகம்' என்றே எழுதலாம். தோழன் என்ற பொருள் மட்டும் அதில் விடுபட்டுப்போகிறது.

வகுப்பறையில் வேண்டியது அந்தப் பொருள்தான். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசும் பிள்ளை எழுதும் தமிழ்க் கட்டுரையை வழக்கமாக ஒரே ஒருவர்தான் படிக்கிறார்: திருத்தும் ஆசிரியர். அதையே பேட்லெட் போன்ற ஓர் இணையப் பொதுப்பலகையில் போட்டால் வகுப்பே படிக்கிறது. "நீ சொன்னது சரி, ஆனா எங்க தாத்தா வேற மாதிரி சொல்வார்" என்று ஒரு தோழி பதில் எழுதுகிறாள். அவளுக்கு மறுமொழி சொல்லத் தமிழ் தேவைப்படுகிறது. மதிப்பெண்ணுக்காக இல்லாமல் மனிதருக்காக எழுதுவது அங்கே தொடங்குகிறது. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் யோசித்து எழுத நேரம் கிடைக்கிறது. பள்ளிகளில் தாய்மொழி கற்பித்தலை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டின் தாய்மொழி மறுஆய்வுக் குழு வலியுறுத்திய கருத்துப் பரிமாற்றம் இதுதான் என்பேன்.

அப்புறம், வயது வரம்பு. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் மூன்றுக்கும் குறைந்தது 13 வயது வேண்டும். அதனால் தொடக்கப்பள்ளிக்கு அவை ஆகாது. 2018 முதல் பள்ளிகளில் இருக்கும் எஸ்எல்எஸ் (Student Learning Space) என்ற இணையக் கற்றல் தளத்திலேயே பிள்ளைகள் கலந்துரையாடலாம். வெளியார் உள்ளே வர முடியாது. அதைச் 'சமூக ஊடகம்' என்று சொல்வது பெற்றோரைக் குழப்பும். 'வகுப்புக் கலந்துரையாடல் பலகை' என்றால் போதும், தெளிவாக இருக்கும்.