முள்ளங்கிக்கு வேம் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்

இந்த மாதத்தில் இந்தத் தவறைப் பார்ப்பது இது நாலாவது தடவை. மடிப்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி, வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம் என்று காலை 7 மணிக்கே போனேன். வளர்ப்புப் பைகளில் முள்ளங்கி, அரைக்கீரை, ஓரமாக நாலு தக்காளி. அந்த அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். வேம் (VAM) என்ற உயிர் உர டப்பாவை எடுத்து நீட்டி, "மேடம், வேம் மூணு தடவை போட்டுட்டேன், முள்ளங்கி இன்னும் சுண்டுவிரல் அளவுகூட வரல, டோஸ் கூட்டணுமா?" என்றார்.

கூட்டி என்ன செய்ய? முள்ளங்கி அதைச் சேர்த்துக்கொள்ளாத செடி. வேம் என்பது வேருக்குள் குடியிருக்கும் பூசணம், மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணிலிருந்து கொண்டுவந்து செடிக்குக் கொடுத்துச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். அதை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது செடியின் மரபணுவில் இருக்கிறது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்தில் இதற்கான முக்கிய மரபணுக்கள் எப்போதோ தொலைந்துபோய்விட்டன. அரைக்கீரை, பாலக், பீட்ரூட் வகையறாவும் பெரும்பாலும் அப்படித்தான். படிக்கிற காலத்தில் வேரைக் காரக் கரைசலில் (ஆல்கலி) வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். வெங்காய வேரில் செல்லுக்குள் குட்டி மரம் கிளைவிட்ட மாதிரி பூசணம் தெரியும். கடுகு வேரில் வேர் மட்டும்தான் தெரியும். மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அவ்வளவுதான்.

"நல்ல கிருமிதானே மேடம், எல்லாச் செடிக்கும் நல்லதுதானே?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இல்லை. செடி நாம் ஊற்றுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் குடம் இல்லை. வேர் எதைக் கசியவிடுகிறதோ அதற்கேற்ற நுண்ணுயிர்க் கூட்டம்தான் அங்கே நிலைக்கும், அந்தக் கசிவு செடிக்குச் செடி, ஏன், ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே வயலில் நட்ட நெல்லிலேயே, இண்டிகா வகையின் வேரில் தழைச்சத்தைக் (நைட்ரஜன்) கையாளும் பாக்டீரியாக்கள் ஜப்பானிகா வகையைவிட அதிகம் சேர்கின்றன, அதில் என்ஆர்டி1.1பி என்ற ஒற்றை மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று 2019-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேரில் முடிச்சு உண்டாக்கித் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவைத் தக்காளிக்கு ஊற்றிவிட்டு வேரில் முடிச்சு வரவில்லையே என்று போன் செய்பவர்களை என்னதான் சொல்வது! அது பயறுவகைக்கு, அதிலும் கொண்டைக்கடலைக்கு உரியது நிலக்கடலைக்கு ஒத்துவராது. பாக்கெட்டில் பயிர்ப் பெயர் இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

தக்காளிக் கதை வேறு. இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கியிருந்தது. தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசைக்காமல் தொங்கவிட்டேன், கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, புகை இழை மாதிரி இறங்கியது. பாக்டீரியா வாடல். இதற்குப் பாட்டிலில் மருந்து தேடாதீர்கள், ரகத்தைத் தேடுங்கள். அர்கா ரக்ஷக் மாதிரி தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. 2018-ல் கொரியாவில், தாங்கும் தக்காளியின் வேரடி நுண்ணுயிர்களை எடுத்து நோய்க்கு ஆளாகும் ரகத்துக்குக் கொடுத்தபோது வாடல் குறைந்தது. எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி அந்த ரகம் தன்னைச் சுற்றிச் சேர்த்துவைத்த கூட்டத்தில் இருக்கிறது. நாமோ எது கைக்குக் கிடைக்கிறதோ அந்த நாற்றை வாங்கி வருகிறோம்.

வாடிய செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மறுபடி வேண்டாம். காப்பர் மருந்து அடித்த கையோடு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை ஊற்றாதீர்கள், காசு கொடுத்து வாங்கி நீங்களே கொல்கிறீர்கள். டப்பாவை மாடி வெயிலில் வைக்காதீர்கள், மே மாதத்துச் சென்னையில் உள்ளே என்ன மிஞ்சும்? வேம் வேண்டுமென்றால் வெங்காயம், கத்தரி, மிளகாய்க்கு, அதுவும் நாற்றுவிடும்போதே. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட மண்ணில் அந்தச் செடிகளும் அதை அவ்வளவாக உள்ளே விடாது.

அப்புறம் அந்த முள்ளங்கி. விதையை அள்ளித் தூவியவர் கூடுதல் செடியைப் பிடுங்கிக் கலைத்துவிடவே இல்லை, ஒரு சாண் இடத்தில் ஒன்பது செடி. எண்ணிக் காட்டினேன். "பிடுங்க மனசு வரல மேடம்" என்றார்.