நடவும் உரிமம், வெட்டவும் உரிமம்: அயர்லாந்தின் காடு வளர்ப்பு மானியத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

அயர்லாந்தில் உங்கள் சொந்த வயலில் 0.1 ஹெக்டேருக்கு மேல் காடு வளர்க்க வேண்டுமென்றால் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். 0.1 ஹெக்டேர் என்பது நம் கணக்கில் 25 சென்ட் நிலம்தான். வளர்ந்த மரத்தை வெட்ட இன்னொரு உரிமம். நாட்டுப் பரப்பில் 11.6 சதவீதம் மட்டுமே காடு. 2050-க்குள் 18 சதவீதமாக்கப் போகிறோம், ஆண்டுக்கு 8,000 ஹெக்டேர் நடப் போகிறோம் என்று அரசு சொல்லிவருகிறது. 2023-இல் நட்டது 2,000 ஹெக்டேரைக்கூட எட்டவில்லை. கீழே வருவதைப் படித்தால் ஏன் என்று புரியும்.

முதலில் பணம். 2023–2027 திட்டத்தில் நடுவதற்கான செலவுக்கு ஒரு மானியம், அதன்மேல் ஆண்டுதோறும் பிரீமியம். நம் பேச்சில் பிரீமியம் என்றால் நாம் கட்டுவது. இங்கே அரசு உங்களுக்குக் கட்டுகிறது. நாட்டு மரங்கள் நட்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,103 யூரோ. பெரும்பகுதி ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரமும் 20 சதவீதம் அகன்ற இலை மரங்களும் என்றால் 746 யூரோ. விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் ‘20 ஆண்டுகள்’ என்று இருக்கும். அந்த 20 ஆண்டு விவசாயிக்கு மட்டும். விவசாயி அல்லாதவருக்கு 15. நாட்டு மரக் காட்டில் இந்த வித்தியாசம் ஹெக்டேருக்கு 5,515 யூரோ. கூட்டுப் பட்டாவில் ஒருவர் விவசாயி, மற்றவர் நகரத்தில் வேலை பார்ப்பவர் என்றால், விண்ணப்பம் யார் பெயரில் போகிறது, விவசாயி என்பதற்கு எந்த ஆவணத்தைக் காட்டுகிறார்கள் என்பதைத் தாக்கல் செய்யும் முன்பே கேளுங்கள். பிறகு திருத்தலாம் என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

‘வரி கிடையாது’ என்பதும் பாதி உண்மை. வருமான வரி கிடையாது. யுஎஸ்சி என்கிற பொதுச் சமூகக் கட்டணமும் பிஆர்எஸ்ஐ என்கிற சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு. ஆண்டுக் கணக்குத் தாக்கலில் பிரீமியத்தைக் காட்டாமல் விட்டவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து வரித்துறைக் கடிதம் வரும்.

எந்த நிலம் தேறாது

விண்ணப்பத்தை நீங்களே போட முடியாது. பதிவுபெற்ற ஃபாரெஸ்டர், அதாவது வனவியல் வல்லுநர் ஒருவர்தான் போட வேண்டும். அவர் பெரும்பாலும் நடவு நிறுவனத்தின் ஆள். மானியமும் உங்கள் ஒப்புதலோடு நேரே அந்த நிறுவனத்துக்கே போகும். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அவருக்கு நடவு நடந்தால்தான் வருமானம் என்பதை மனத்தில் வையுங்கள். ஒப்பந்தம் பேசும் முன் டீகாஸ்க் என்னும் அரசு வேளாண் ஆலோசனை அமைப்பின் வனவியல் ஆலோசகரிடம் ஒருமுறை பேசுங்கள். அதற்குக் கட்டணமில்லை.

நிலத்தைப் பார்க்க வருபவர் கையில் மண் துளைக்கும் கம்பி இருக்க வேண்டும். பீட் என்னும் கரிச்சதுப்பு மண் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் இருந்தால் அந்த இடத்துக்கு அனுமதி இல்லை. முந்தைய திட்டத்தில் எல்லை 50 சென்டிமீட்டர். ‘பக்கத்து வயலில் நட்டிருக்கிறார்களே’ என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான். ஒரே வயலில் ஒரு மூலை தேறும், இன்னொரு மூலை தேறாது. ஆகவே நாலைந்து இடத்திலாவது துளைத்து, ஆழத்தை வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். காரிலிருந்தபடியே வயலைப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பூனைப் பருந்துக்காக ஒதுக்கிய ஆறு சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் உங்கள் நிலம் இருந்தால் புதுக் காட்டுக்கு உரிமம் கிடைக்கும் என்று எண்ணி நாளைக் கழிக்க வேண்டாம். அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் 2007-இலிருந்து இதைச் சுமக்கிறார்கள். நடவும் முடியவில்லை, நடத் தகுந்த நிலம் என்று விற்கவும் முடியவில்லை.

தேறிய நிலத்திலும் முழுப் பரப்பிலும் நட முடியாது. ஓடைக் கரையில் குறைந்தது 10 மீட்டர், சரிவு கூடினால் அதற்கும் மேல் விட வேண்டும். வீடு, சாலை, மின்கம்பி, தொல்லியல் மேடு ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உண்டு. பெரிய நிலத்தில் இது உறைக்காது. இரண்டு ஹெக்டேர் நீளவாக்கு வயலில் ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் அண்டை வீடு என்றால் மிச்சம் எவ்வளவு என்று முதல் நாளே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேளாண் நேரடி உதவித்தொகை தொடருமா என்பது அடுத்த கேள்வி. காடாக்கிய நிலத்துக்கும் அதைத் தொடர்ந்து வாங்கலாம், ஆனால் அந்த நிலம் 2008-இல் உதவித்தொகைக்குத் தகுதியுள்ளதாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். 2008-இல் நிலம் உங்கள் கையில் இல்லையென்றால், அன்றைய உரிமையாளர் காட்டினாரா என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். நட்ட ஆண்டிலேயே உதவித்தொகை விண்ணப்பத்தில் அந்தத் துண்டைக் காடு என்று மாற்றுங்கள். மேய்ச்சல் நிலமாகவும் காடாகவும் ஒரே துண்டு இரண்டு கணக்கில் நின்றால் அபராதம் உங்களுக்குத்தான்.

கோப்பு நிற்கும் இடம்

2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதுவரை, ‘ஓடையோரம் இடைவெளி விடுகிறோம், அதனால் ஓடை போய்ச் சேரும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்குப் பாதிப்பில்லை’ என்று எழுதி முதல்கட்டப் பரிசீலனையைத் தாண்டிவிடலாம். தடுப்பு நடவடிக்கைகளை முதல்கட்டத்தில் கணக்கில் எடுக்கக் கூடாது, முழு மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு. தீர்ப்பு நியாயமானதுதான். அதற்கேற்ற சூழலியலாளர்கள் உரிமம் தரும் வேளாண் துறையில் போதுமான அளவு இல்லாமல் போனது நியாயமல்ல. ஆயிரக்கணக்கில் கோப்புகள் தேங்கின. ஆய்வுக் குழு, அறிக்கை, 2021-இல் ‘புராஜெக்ட் வுட்லேண்ட்’ என்று பெயர் சூட்டிய சீரமைப்பு என்று வரிசையாக வந்தன. நிலம் வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

ஃபாரெஸ்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என் வயல் வாய்க்கால் கடைசியில் எந்த ஆற்றில் சேர்கிறது? அந்த ஆறு பாதுகாப்புப் பகுதியா? வயலுக்கும் பகுதிக்கும் பத்து கிலோமீட்டர் தூரம் இருந்தாலும் தண்ணீர் வழியே தொடர்பிருந்தால் முழு மதிப்பீடு வரும். அந்த அறிக்கையை யார் தயாரிக்கிறார்கள், செலவு யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இந்தக் கேள்வியை முதல் மாதத்திலேயே கேட்டவருக்கும், துறையிலிருந்து ‘மேலதிக விவரம் தேவை’ என்ற கடிதம் வந்த பிறகு கேட்டவருக்கும் இடையே ஒரு நடவுப் பருவமே வித்தியாசம்.

நில வாசலில் அறிவிப்புப் பலகை வைத்துப் படமெடுத்து விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். பலகை சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முட்செடி மறைத்தாலோ காற்றில் விழுந்தாலோ அதுவே ஆட்சேபத்துக்குக் காரணமாகும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். 20 யூரோ கட்டி யாரும் எழுதலாம். முடிவு வந்தபின் மேல்முறையீட்டுக்கு 14 நாள், கட்டணம் 200 யூரோ. இந்த 14 நாள் முடிவெடுத்த தேதியிலிருந்து ஓடுகிறது, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. உரிமத்தில் ஏற்க முடியாத நிபந்தனை இருந்தால் உங்களுக்கும் அதே 14 நாள்தான்.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணம் போவது இங்கே: உரிமம் வேறு, நிதி ஒப்புதல் வேறு. உரிமம் கைக்கு வந்ததும் எந்திரத்தை வயலில் இறக்கிக் கன்று நட மண்மேடு போட ஆரம்பித்தால், நிதி ஒப்புதல் இல்லாத அந்த வேலைக்கு ஒரு யூரோவும் வராது. நடவு மட்டும்தான் ‘தொடக்கம்’ என்று நினைக்க வேண்டாம். வாய்க்கால் வெட்டுவது, மேடு போடுவது எல்லாம் தொடக்கமே.

‘உரிமம் இல்லாமல் நடலாம்’ என்ற திட்டம்

சிறு நிலத்துக்காக நாட்டு மரத் திட்டம் ஒன்று உண்டு. ஒரு பண்ணைக்கு ஒரு ஹெக்டேர் சிறு காடு, நீர்க்கரைக் காப்புக்கு இன்னொரு ஹெக்டேர் வரை, நடவு உரிமம் தேவையில்லை. சிறு காட்டுக்குப் பிரீமியம் ஹெக்டேருக்கு 2,206 யூரோ, 10 ஆண்டுக்கு. பெருக்கிப் பார்த்தால் 22,060. பெரிய திட்டத்தில் விவசாயிக்கு 20 ஆண்டில் வருவதும் இதே தொகைதான். விவசாயி அல்லாதவருக்கு இதுவே லாபம், ஏனென்றால் அங்கே 15 ஆண்டோடு நின்றுவிடும்.

உரிமம் வேண்டாம் என்பதை ஒப்புதலே வேண்டாம் என்று படித்தவர்கள் ஏமாந்தார்கள். விண்ணப்பமும் ஃபாரெஸ்டரும் துறை ஒப்புதலும் இங்கேயும் வேண்டும். திட்டத்துக்கு வெளியே 0.1 ஹெக்டேருக்கு மேல் நட்டால் அது உரிமமில்லா நடவு. வயலோரம் ஒல்லியாக ஒரு வரிசை நட்டுப் பணம் கேட்கவும் முடியாது. காடு என்றால் 20 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும்.

நான்காம் ஆண்டு

நடவு மானியம் இரண்டு தவணை. முதல் தவணை நட்டு வேலி போட்டபின், இரண்டாவது நான்கு ஆண்டு கழித்து. கன்றுகள் போதுமான எண்ணிக்கையில், வயல் முழுக்கச் சீராக, புல்லின் போட்டியில்லாமல் நின்றால்தான் இரண்டாவது வரும். ஊசியிலை மரங்களை இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கம்; ஹெக்டேருக்கு 2,500 கன்று.

கன்று சாவதற்குக் காரணங்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதான். பையைத் திறந்து வெயிலிலும் காற்றிலும் போட்டதால் வேர் காய்ந்திருக்கும். பள்ளத்தில் குளிர்காற்று தங்கி, மே மாத உறைபனியில் சிட்கா ஸ்ப்ரூஸின் புதுத் தளிர் கருகும். முயலும் மானும் நுனியைக் கடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் புல்: வளமான மேய்ச்சல் நிலத்தில் கோடையில் இடுப்புயரம் வளர்ந்து, குளிர்காலத்தில் கன்றின் மேலேயே சாய்ந்து அமுக்கும். மான் நடமாட்டம் இருந்தால் மான் வேலியை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். பிறகு போடும் வேலிக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை முறை களையெடுப்பு, செத்த கன்றுக்கு மறுநடவு யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதுங்கள். ‘தேவைக்கேற்ப’ என்ற சொல் இருந்தால் அடித்துவிடுங்கள். நான்காம் ஆண்டு முடிந்ததும் நிறுவனம் கைகழுவிவிடும், காடு உங்களுடையது.

ஒருமுறை காடானால்

பிரீமியத்துக்கு முடிவு உண்டு, கடமைக்கு இல்லை. வெட்டும் உரிமத்தோடு மறுநடவு நிபந்தனை வரும். அந்தச் செலவு உங்களுடையது. மேய்ச்சல் நிலமாகத் திருப்ப வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரூஸ் முழு வெட்டுக்கு வர 30 முதல் 40 ஆண்டு. பிரீமியம் நின்றபின் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு வருமானம் என்பது இடைவெட்டு மரம், அதாவது நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டும் மரம் மட்டுமே, அதுவும் லாரி உள்ளே வரச் சாலை இருந்தால். இரண்டு ஹெக்டேர் இடைவெட்டுக்கு மட்டும் அறுவடை எந்திரம் வராது. பக்கத்துக் காட்டுக்காரரோடு ஒரே நேரத்தில் வெட்டப் பேசி வையுங்கள்.

விற்கும்போது வாங்குபவர் திட்டக் கடமைகளை எழுத்தில் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் கொடுத்த மானியத்தையும் பிரீமியத்தையும் உங்களிடம் திருப்பிக் கேட்பார்கள். உரிமையாளர் இறந்தால் பட்டா மாறும்வரை பிரீமியம் நிற்கும். வாரிசுகளுக்கு ஒப்பந்த எண்ணும் கோப்பு இருக்கும் இடமுமாவது தெரிந்திருக்கட்டும்.

வெட்டும் முன்

2014-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி உரிமமின்றி வெட்டுவது குற்றம். விலக்குகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருக்கிறது. கட்டடத்திலிருந்து 30 மீட்டருக்குள் உள்ள மரத்தை வெட்டலாம். மரம் நட்டபிறகு கட்டிய கட்டடம் என்றால் கூடாது. பொதுச் சாலையிலிருந்து 10 மீட்டருக்குள், வயதாலோ நிலைமையாலோ ஆபத்தான மரத்தை வெட்டலாம். 11-ஆவது மீட்டரில் நிற்கும் நோயுற்ற ஆஷ் மரத்துக்கு உரிமம் வேண்டும், அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும். பண்ணை உபயோகத்துக்குக் காட்டுக்கு வெளியே வெட்டலாம். ஒரு மரம் 3 கன மீட்டரைத் தாண்டக் கூடாது, 12 மாதத்தில் மொத்தம் 15 கன மீட்டர். விற்றால் விலக்கு போச்சு. உயிர்வேலியை ஒதுக்கும்போது மார்பளவு உயரத்தில் 20 சென்டிமீட்டர் விட்டம் வரை உள்ள மரங்களை எடுக்கலாம். ஆனால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை உயிர்வேலியில் கை வைப்பதை வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. வனத்துறை விலக்குக் கொடுத்தது என்று ஜூனில் வெட்டினால் வேறொரு சட்டத்தில் மாட்டுவீர்கள். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் இந்த விலக்குகளை நம்பி ரம்பத்தை எடுக்கவே வேண்டாம்.

ஆஷ் காடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அரசு மானியத்தோடு, அரசு சொன்ன மரத்தை நட்டவர்கள் இவர்கள். 2012 அக்டோபரில் இறக்குமதிக் கன்றுகளில் ஆஷ் வாடல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, வெட்டி மறுபடி நட உதவி தருகிறோம், பிரீமியம் கிடையாது என்றார்கள். 2023-இல் தனிக் குழு கண்டித்த பிறகே, 2024-இல் ஹெக்டேருக்கு 5,000 யூரோ அறிவித்தார்கள். இது ஒரே தவணையில் வராது, திட்டத்தின் கீழ் வெட்டி மறுநடவு செய்தவர்களுக்கே வரும். மரம் விழும் நிலையில் இருக்கிறதே என்று ஒப்புதலுக்கு முன் ஆள்விட்டு வெட்டியவர்கள் மானியத்துக்கான ஆதாரத்தையே வெட்டிவிடுகிறார்கள்.

2025 ஜனவரி 24-இல் எயோவின் புயலில் சாய்ந்த காடுகளுக்கும் இதே கதைதான். காட்டுக்குள் விழுந்த மரத்தை எடுத்து விற்கவும் வெட்டும் உரிமம் வேண்டும். முன்பே உரிமம் இருந்தால் அதன் எல்லைக்குள் அந்தத் துண்டு வருகிறதா, காலம் முடிந்துவிடவில்லையா என்று பாருங்கள். சேதமான காட்டை மறுபடி நடுவதற்கான மறுசீரமைப்பு ஒப்புதல் வரும்வரை விழுந்ததை விழுந்தபடி விட்டு, வரைபடத்தில் குறித்து, தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். சாய்ந்த தண்டுகள் விறைப்பாக இழுபட்டிருக்கும், அறுத்த நொடியில் துள்ளி ஆளை அடிக்கும். அந்த வேலைக்குப் பண்ணை ரம்பத்தோடு நீங்களே போகாதீர்கள்.