பழைய கோப்பின் பொருளை மாற்றாதீர்கள்

தைப்பொங்கல் முடிந்து காலபோக அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலை. பரந்தனுக்கு அருகே ஓர் அரிசி ஆலை. வாசலில் உழவு இயந்திரங்கள் நெல் மூடைகளோடு வரிசையாக நின்றன. வயதான கமக்காரர் ஒருவர் இரண்டு பற்றுச்சீட்டுகளை என் முன்னால் விரித்து வைத்தார். ஒன்று முதல் வாரத்தில் கிடைத்தது, மற்றது அன்றையது. இரண்டிலும் 40 மூடை; இரண்டிலும் ஈரப்பதன் 17 சதவீதம். முதற் சீட்டில் கழிவு 40 கிலோ. இரண்டாவதில் 60 கிலோ.

"பிள்ளை, மூடையும் அதே, தராசும் அதே. கழிவு மட்டும் ஏன் கூடியிருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இரண்டு சீட்டுகளுக்கும் இடையில் அந்த ஆலையின் கணினியில், எழுதிய விதிகளைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் எங்கள் கம்பைலரின் புதிய பதிப்பு ஏற்றப்பட்டிருந்தது.

நான் கிளிநொச்சியில் வேலை செய்யும் மென்பொருள் பொறியியலாளர். மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய கணினி மொழியையும் அதற்கான கம்பைலரையும் பராமரித்து வருகிறோம். நெல் கொள்வனவு, பால் சேகரிப்பு, மீனவர் சங்கக் கணக்கு ஆகியவற்றுக்கான விதிகளைத் தமிழிலேயே எழுத உதவும் மொழி அது. ஆலையின் விதி எளியது. ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால், மேலதிகமான ஒவ்வொரு முழு இரண்டு சதவீதத்துக்கும் மூடைக்கு ஒரு கிலோ கழிப்பார்கள். விதியை எழுதியவர் அதை (ஈரப்பதன் − 14) / 2 என்று எழுதியிருந்தார். பழைய பதிப்பில் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுத்தால் விடையும் நிறைவெண்தான். 3 / 2 என்றால் 1. மிஞ்சும் அரை கணக்கில் வராது. ஆலைக்கும் கமக்காரருக்கும் இருந்த உடன்பாடும் அதுவே. புதிய பதிப்பில், கணக்குப் பாடத்தில் இருப்பதுபோல விடை வரட்டும் என்று நாங்கள் வகுத்தலை மாற்றினோம். 3 / 2 என்பது 1.5 ஆகிவிட்டது. கம்பைலர் பழைய கோப்பை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. சீட்டு அச்சாகியது. ஒரு மனிதரின் விளைச்சலில் 20 கிலோ காணாமற்போனது.

அன்றிரவே பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினோம். ஆலைக்காரர் அந்த வாரத்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி கணக்கிட்டார். புளியம்பொக்கணையிலிருந்து நெல் கொண்டுவந்த ஒருவருக்குத் தொலைபேசி இல்லை. வித்தியாசப் பணத்தை அவர் வீடு தேடிப் போய்க் கொடுத்தோம்.

அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் படிக்கும் மாணவர்கள், இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் சொந்தமாக ஒரு மொழி உருவாக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். இலக்கணம், வேகம், நினைவகம் பற்றியெல்லாம் ஆர்வமாகப் பேசுகிறார்கள். பதிப்பு மாறும்போது பழைய செய்நிரலுக்கு என்ன நடக்கும் என்பதை அவர்களில் எவரும் தாமாகக் கேட்டதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உடைவுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பழைய செய்நிரலைக் கம்பைலர் ஏற்க மறுத்தால் வேலை நின்றுவிடும். அது தொல்லைதான். ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆலைக்காரர் எங்களைக் கூப்பிடுவார். ஏற்றுக்கொண்டு வேறு பொருளில் ஓட்டினால் எவருக்கும் தெரியாது. சந்தேகப்பட்டு இரண்டு சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் வரும்வரை அது தொடரும். ஒரு கம்பைலர் செய்யக்கூடிய ஆகப் பெரிய தீங்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் முதல் விதியை இதிலிருந்துதான் எழுதினோம்: நேற்று ஏற்றுக்கொண்ட கோப்புக்கு இன்று வேறு பொருள் கொடுக்கக்கூடாது. கொடுக்காமல் முடியாது என்ற நிலை வந்தால், வழு என்று சொல்லி நிற்க வேண்டும்.

"பயனர்கள் தங்கள் செய்நிரலைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. யார் திருத்துவது? அந்த ஆலையின் விதியை எழுதிய இளைஞர் இப்போது கனடாவில் இருக்கிறார். வன்னியில் இது புதினமல்ல. எழுதியவர் போய்விடுவார், கோப்பு இங்கே இருக்கும். ஆலையில் இருப்பவருக்கு நெல் தெரியும், தராசு தெரியும், பொத்தானை அழுத்தத் தெரியும். வெளியீட்டுக் குறிப்பை வாசிக்கும் ஆள் அங்கே இல்லை.

இதே வகுத்தற் பிரச்சினையைப் பைதன் மொழி எங்களைவிட எவ்வளவோ கவனமாகக் கையாண்டது. பைதன் 2இல் 3 / 2 என்றால் 1. பைதன் 3இல் 1.5. மாற்றத்துக்கான முன்மொழிவு 2001இலேயே வந்துவிட்டது. நிறைவெண்ணாக வகுக்க விரும்புவோருக்கு இரட்டைச் சாய்கோட்டுக் குறியை முதலில் கொடுத்தார்கள். புதிய வகுத்தல் வேண்டுமானால் கோப்பின் தலையில் ஒரு வரி எழுதிக் கேட்டுப் பெறலாம் என்றார்கள். 2008 டிசம்பரில் பைதன் 3 வந்தபோதுதான் அது எல்லாருக்கும் பொதுவானது. அவ்வளவு ஆயத்தம் செய்தும் மாறுவதற்கு ஆண்டுக்கணக்கில் எடுத்தது. பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதிதான் முடிவுக்கு வந்தது.

பைதன் 3இன் இன்னொரு மாற்றம் எங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது. 'வன்னி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளையிடம் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். பைதன் 2இன் சாதாரணச் சரத்தில், அதாவது எழுத்துத் தொடரில், அதன் நீளம் 15. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையின் பைட்டுகளை அது எண்ணியது. பைதன் 3இல் 5. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மூன்று வரவில்லை. ஆனாலும் அது சரியான திசையில் வைத்த அடி. அந்த மாற்றம் வேண்டியதுதான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். வேண்டிய மாற்றத்துக்கே பதினொரு ஆண்டுகள் விலை கொடுக்க நேர்ந்தது என்றால், அழகுக்காகச் செய்யும் மாற்றத்துக்கு நியாயம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் மொழி வளரவே கூடாதா? வளரலாம். கோப்பு தன் வயதைத் தானே சொல்ல வேண்டும். 2015இல் முதற் பதிப்பு வெளியான ரஸ்ட் மொழி இதைத்தான் செய்கிறது. 2015, 2018, 2021, 2024 என நான்கு தலைமுறைகள் அதில் இருக்கின்றன. எந்தத் தலைமுறையில் எழுதியது என்பதை ஒவ்வொரு பொதியும் (ஒன்றாகக் கட்டிய செய்நிரல் தொகுதி) தன் விவரக் கோப்பில் அறிவிக்கும். புதிய கம்பைலர் நான்கையும் புரிந்துகொள்ளும். பழைய தலைமுறைப் பொதியும் புதிய தலைமுறைப் பொதியும் ஒரே செய்நிரலுக்குள் சேர்ந்து ஓடும். இந்தக் கடைசிப் பண்பு இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் வீண். பைதனில் பட்ட பாட்டில் பாதி, நூலகங்கள் (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தச் செய்நிரல்கள்) மாறும்வரை செய்நிரலும் செய்நிரல்கள் மாறும்வரை நூலகமும் காத்திருந்ததால் வந்தது.

கோ மொழி 2012 மார்ச்சில் தன் முதற் பதிப்போடு எழுத்தில் ஓர் உறுதிமொழி கொடுத்தது: அந்த வரையறைக்கு இணங்க எழுதிய செய்நிரல்கள் பின்வரும் பதிப்புகளிலும் கம்பைலரால் தொகுக்கப்பட்டு ஓட வேண்டும். அந்த மொழியிலும் நீண்ட காலமாகப் பலரை இடறவைத்த ஒன்று இருந்தது. ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சியின் மாறி (பெறுமதியை வைத்திருக்கும் பெயர்) ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்காமல், ஒன்றே எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவாக இருந்தது. 2024இல் வந்த 1.22 பதிப்பில் அதை மாற்றினார்கள். ஆனால் தன் விவரக் கோப்பில் 1.22 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை எழுதியவருக்கு மட்டுமே புதிய பொருள் வந்தது. மற்ற எல்லாருடைய செய்நிரலும் பழையபடியே ஓடியது. உரிமையாளர் தன் கையால் அந்த வரியை மாற்றினால்தான் மாற்றம்.

அந்த வரியே இல்லாத கோப்பை என்ன செய்வது? மாணவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. ரஸ்ட்டில் தலைமுறை எழுதாத பொதி 2015 தலைமுறையாகவே கொள்ளப்படும், ஆக மூத்தது. சி மொழிக்கான ஜிசிசி கம்பைலரின் வழக்கம் வேறு. மொழியின் எந்த ஆண்டுத் தரத்தில் எழுதியது என்று குறிப்பிடாவிட்டால் கம்பைலரே ஒன்றைத் தெரிவுசெய்யும். அந்தத் தெரிவு 2015இல் வந்த 5ஆம் பதிப்பில் 1990 தரத்திலிருந்து 2011 தரத்துக்கு நகர்ந்தது; 2025இல் வந்த 15ஆம் பதிப்பில் 2023 தரத்துக்கு நகர்ந்தது. சார்பின் (பெயர் சொல்லி அழைக்கும் செய்நிரற் பகுதி) பெயரை அறிவிக்கும்போது அதற்குப் பின் வெற்று அடைப்புக்குறி போட்டால் முன்பு எத்தனை உள்ளீடும் வரலாம் என்று பொருள். 2023 தரத்தில் உள்ளீடே இல்லை என்று பொருள். நல்லவேளையாக இது பெரும்பாலும் தொகுக்கும்போதே வழுவாக வெளிப்பட்டுவிடும். அதே ஜிசிசியின் பொறுமையையும் சொல்ல வேண்டும். அறிவிக்காத சார்பை அழைக்கும் வழக்கத்தை 1999 தரம் நீக்கியது. ஜிசிசி அதை இயல்பாகவே வழுவாக்கியது 2024இல் வந்த 14ஆம் பதிப்பில்தான். அதுவரை எச்சரிக்கைக்கு மேல் போகவில்லை.

நாங்கள் ரஸ்ட்டின் வழியைத் தேர்ந்தோம். எங்கள் கோப்பின் முதல் வரியில் 'மொழி 2', 'மொழி 3' என்று எழுதலாம். எழுதாவிட்டால் அது மொழி 1.

உறுதிமொழிக்கு எல்லையும் வேண்டும். மீனவர் சங்கம் ஒன்றில், எங்கள் வழுச் செய்தியிலிருந்து வரி எண்ணைப் பிடுங்கியெடுக்கும் ஒரு செய்நிரலை வைத்திருந்தார்கள். நாங்கள் செய்தியின் வாசகத்தை மெருகேற்றியதும் அது நின்றுபோனது. பயனர்கள் போதிய அளவு பெருகினால், வெளியே தெரியும் எந்த நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். இந்தக் கருத்து ஹைரம் ரைட் என்ற பொறியியலாளரின் பெயரால் வழங்குகிறது. அன்றிலிருந்து வரி எண்ணைத் தனி வடிவத்தில் தருகிறோம், அதை மாற்றுவதில்லை. வாசகம் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறோம். கோ மொழி இன்னும் ஒரு படி மேலே போய், மேப் எனப்படும் பெயர்-பெறுமதித் தொகுப்பின் உறுப்புகளை எடுக்கும் வரிசையை வேண்டுமென்றே குலைத்துத் தருகிறது. உறுதி கொடுக்காத வரிசையை எவரும் நம்பிவிடக்கூடாது என்பதே நோக்கம். பாதுகாப்பு ஓட்டைகளும் கையேட்டுக்கு முரணான வழுக்களும் உறுதிமொழிக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் எங்கள் வகுத்தல் வழுவே அல்ல. கையேட்டில் இருந்ததைத்தான் அது செய்தது. எங்கள் விருப்பம்தான் மாறியது.

உறுதியைக் காப்பாற்றுகிறோமா என்று அறிய ஒரே வழி, மக்கள் உண்மையில் எழுதியவற்றை ஓட்டிப் பார்ப்பது. ரஸ்ட் குழுவினரிடம் கிரேட்டர் என்ற கருவி இருக்கிறது. பொதுக் களஞ்சியத்தில் உள்ள பொதிகளை எல்லாம் பழைய கம்பைலரிலும் புதியதிலும் ஓட்டி வித்தியாசத்தைக் காட்டும். எங்களிடம் களஞ்சியம் இல்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியில் பஸ் ஏறினேன். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுக்கு இன்னொரு பஸ். கேட்டு, அனுமதி பெற்று, 41 கோப்புகள் சேர்ந்தன. அவற்றோடு உண்மையான உள்ளீடுகளையும் கேட்டு வாங்கினேன். தொகுக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் எங்கள் வகுத்தல் மாற்றம் 41இலும் சோதனையில் தேறியிருக்கும். விடைகளை ஒப்பிட்டபோதுதான் பால் சேகரிப்புக் கணக்கு ஒன்றும் பிசகியிருப்பது தெரிந்தது.

நாள் குறிப்பதற்கும் எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. சிறுபோகத்துக்கு முன் இரணைமடுக் குளத்துக்குக் கூட்டம் வைக்கிறார்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்பதெல்லாம் அங்கே கமக்காரர்கள் முன்னிலையில் முடிவாகும். அதன் பிறகுதான் துருசு திறக்கும். எங்கள் மொழியில் ஒன்றை நீக்குவதானால் முதலில் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையோடு ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் கடக்க வேண்டும். அதன் பின்னரே நீக்கம். தை முதல் பங்குனி வரை எந்தப் பதிப்பையும் வெளியிடுவதில்லை. பழைய பதிப்புகள் அனைத்தையும் நிறுவல் கோப்போடு வைத்திருக்கிறோம், இணையம் இல்லாத இடத்திலும் திரும்பிப் போக முடியும்படி.

கடந்த சித்திரையில் நான்காம் பதிப்பை ஏற்ற அதே ஆலைக்குப் போனேன். அவர்கள் கோப்பில் முதல் வரி இன்னும் எழுதப்படவில்லை. 40 மூடை, ஈரப்பதன் 17 என்று கொடுத்து ஒரு சீட்டை அச்சடித்தேன். கழிவு 40 கிலோ என்று வந்தது.