லீவுக்கு நேரசூசி போடும் பெற்றோருக்கு

ஓகஸ்ட் லீவு நெருங்கும்போது என்னிடம் வரும் சில பெற்றோரின் கையில் ஒரு நேரசூசி இருக்கும். காலையில் கணிதம், அது முடிய ஆங்கில ரியூசன், பின்னேரம் மிருதங்கம், இரவு கடந்தகால வினாத்தாள். பிள்ளை எப்போது சும்மா இருக்கும் என்று கேட்டால் தாளை மறுபடி பார்ப்பார்கள். இன்னும் சிலர் "லீவுதானே, விட்டுட்டம்" என்பார்கள். இவர்களை நான் திரும்பக் காண்பது பாடசாலை தொடங்கிய பிறகு. பிள்ளை காலையில் எழும்புவதில்லை, வயிற்றுக்குத்து என்று அழுகிறது, சாப்பிடுவதில்லை.

சிறுவர்களோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர் நான். இரு தரப்பிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளை இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறது?

6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும். 13 முதல் 18 வரை என்றால் 8 முதல் 10 மணித்தியாலம். லீவில் யாரும் திட்டமிட்டு இதைக் குழப்புவதில்லை. நாளுக்குக் கால் மணித்தியாலம் பிந்திப் படுத்தால், 9 மணிக்குப் படுத்த பிள்ளை இரண்டு வாரத்தில் நடுச்சாமம் 12.30க்குப் போய் நிற்கும். இரவில் முகத்துக்கு நேரே இருக்கும் போன் வெளிச்சம், நித்திரையை வரவழைக்கும் மெலற்றோனின் சுரப்பைப் பிந்தவைக்கும். காலையில் யாரும் எழுப்பாததால் மறுநாள் இன்னும் பிந்தும். பிறகு 11 மணிக்கு முதல் சாப்பாடு, 4 மணிக்கு மத்தியானச் சாப்பாடு என்று வீடே தலைகீழாகிவிடும்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பாதிக் குடும்பம் வெளிநாட்டில். கோடைகாலத்தில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலமும், ரொறன்ரோ ஒன்பதரை மணித்தியாலமும் பின்னால் நிற்கின்றன. லண்டனில் மாமா வேலை முடிந்து 6 மணிக்கு வீடியோ அழைப்பு எடுத்தால் இங்கே 10.30. பிள்ளைக்கு அது கொண்டாட்டம், அதற்குப் பிறகு நித்திரை எங்கே வரும்? அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றிக் கேளுங்கள். ரொறன்ரோ காலை 8 மணி எங்களுக்குப் பின்னேரம் 5.30. லண்டன்காரர் ஞாயிறு மத்தியானம் எடுத்தால் இங்கே நாலரை, ஐந்து மணி. கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், நாங்கள்தான் கேட்பதில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாள். பெரும்பாலும் இந்த லீவை ஒட்டியே வரும். ஒவ்வொரு இரவும் கச்சான் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று கந்தசுவாமியார் கேட்கவில்லை. எந்தெந்த நாள் போவது என்று பிள்ளையோடு இருந்து முதலே தீர்மானியுங்கள். சப்பறம், தேர் போன்ற நாட்களில் பிந்துவது பரவாயில்லை. மறுநாள் எழும்பும் நேரம் மட்டும் வழமையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழும்பும் நேரம், படுக்கும் நேரம், எல்லோரும் சேர்ந்து உண்ணும் ஒரு வேளை. இவ்வளவு நிலையாக இருந்தால் மற்றதை விட்டுவிடலாம் என்பதுதான் என் கருத்து. நடுவில் பிள்ளை வந்து "செய்ய ஒண்டுமில்லை அம்மா" என்று நச்சரிக்கும். நச்சரிக்கட்டும். உடனே போனைக் கொடுக்காவிட்டால், கொஞ்ச நேரத்தில் போளையைத் தேடும், மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும். கிளித்தட்டுக்கு ஆள் சேர்ந்துவிட்டால் உங்களைத் தேடவே மாட்டார்கள். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிளித்தட்டில் அது தானாகவே நடக்கும். வெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்: காலை 11 முதல் 3 வரை வெளியே விடாதீர்கள். தண்ணீரைப் பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் இடையிடையே கொடுங்கள்.

பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுங்கள், நடிப்பு வேலை இல்லை, உண்மையான வேலை. இது பனம்பழக் காலம். பனங்காய்ப் பணியாரத்துக்குக் களி பிசைவதில் தொடங்கி, கொட்டைகளைச் சேர்த்துப் பாத்தி போடுவது வரை பிள்ளையின் பொறுப்பாகட்டும். மாரி முடியும் காலத்தில் கிழங்கு கிண்டும்போது அது தன் பாத்தி என்று சொல்லித் திரியும். வளவில்லாத வீடா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மா கரைக்க ஒருவர், நண்டு கழுவ ஒருவர், கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோல அப்பப்பா. எல்லோரும் ஒரே பானையைச் சுற்றி இருக்கும்போது பிள்ளைகள் சொல்லும் கதைகளை எந்த ஆலோசனை அறையிலும் கேட்க முடியாது. நான் இதைத் தொழில்முறையாகவே சொல்கிறேன்.

ரியூசன் பற்றிக் கேட்பீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் எழுதும் பிள்ளை காலையில் இரண்டு மணித்தியாலம் படிப்பதில் தவறில்லை. காலையும் பின்னேரமும் வகுப்பு என்றால் அது லீவு அல்ல, நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான், மச்சாள் பிள்ளைகள் முதல் சில நாள் இரவில் முழித்திருப்பார்கள். அவர்களுடைய உடம்புக்கு அப்போது பகல். உங்கள் பிள்ளையையும் அவர்களோடு முழித்திருக்க விடாதீர்கள். அவர்களைக் காலை வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மெல்ல மெல்லச் சரியாகும். அந்தப் பிள்ளைகளுக்குக் கிணறு பழக்கமில்லை. கட்டு உயரம் குறைந்த கிணறு, தோட்டக் கிணறு, கேணி எல்லாவற்றையும் வந்த அன்றே காட்டி, தனியே போகக் கூடாது என்று சொல்லுங்கள். காரைநகர் கசூரினா கடற்கரை ஆழமில்லை என்பதற்காகக் கரையில் எல்லோரும் போன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை கண் எடுக்காமல் பார்க்க ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

பாடசாலை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போதே பிந்திப்போன நேரத்தை முந்திக் கொண்டுவரத் தொடங்குங்கள். பிள்ளையை நேரத்தோடு படுக்கவைப்பது கடினம், நேரத்தோடு எழுப்புவது சுலபம். ஆகவே காலையில் தொடங்குங்கள்: நாளுக்குக் கால் மணித்தியாலம் முந்தி எழுப்பி, யன்னலைத் திறந்து, முற்றத்தில் கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள். இரவு நித்திரை தானாக முந்தி வரும். பாடசாலை தொடங்கி இரண்டு வாரம் போயும் காலை வயிற்றுக்குத்து நிற்கவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, பகிடி பண்ணுகிறார்களா என்றும் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள்.