நான்கு வெள்ளி அணுக்களும் ஒரு விமான நிலைய ஸ்கேனரும்

ஃபிலிம் கேமராவோடு வெளிநாடு கிளம்புகிறவர்களுக்குக் கால் நூற்றாண்டாக ஒரே அறிவுரைதான் சொல்லப்பட்டு வந்தது: ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவுரையில் தப்பில்லை. ஆனால் அது பிறந்த காலத்தில் கைப்பையைச் சோதித்த இயந்திரம் வேறு, இன்று பல நாடுகளில் சோதிக்கிற இயந்திரம் வேறு. கைப்பையில்தானே வைத்திருந்தோம் என்று நிம்மதியாக ஊர் திரும்பி, ரோலைக் கழுவக் கொடுத்து வாங்கிப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்திருக்கிறது. எந்த இயந்திரத்துக்குள் எந்த ரோலை விடலாம் என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த முடிவு சுலபம்.

ஃபிலிமின் ஒரு பக்கத்தில் மெல்லிய ஜெலட்டின் படலம் பூசியிருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சில்வர் புரோமைடு படிகங்கள், கொஞ்சம் அயோடைடு கலந்து, கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கும். ஒளியின் ஒரு ஃபோட்டான் படிகத்தில் மோதினால் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது படிகத்தின் ஏதோ ஒரு குறைபாட்டில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. பக்கத்தில் அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று அதோடு சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. இதே இடத்தில் இன்னோர் எலக்ட்ரான், இன்னோர் அயனி என்று நான்கு அணுக்கள் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் 'ஒளி பட்டது' என்று பதிவாகிவிடும். இந்தப் படிமுறையை 1938இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் விளக்கினார்கள்.

நான்கு அணுக்களை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. ஃபிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் போட்டதும்தான் அவற்றின் வேலை தெரிகிறது. ஒரு துளி உறைமோர் பானைப் பாலையும் தயிராக்குவதுபோல, அந்த நான்கு அணுக்களைத் தொடக்கமாக வைத்து டெவலப்பர் முழுப் படிகத்தையும் உலோக வெள்ளியாக மாற்றிவிடுகிறது. ஒரு மைக்ரான் அளவுப் படிகத்தில் வெள்ளி அயனிகள் நூறு கோடிக் கணக்கில் இருக்கின்றன. அத்தனையும் கறுக்கின்றன. தொடக்கம் விழாத படிகங்கள் அப்படியே இருந்து, அப்புறம் ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலில் கரைந்து போய்விடுகின்றன. கழுவி முடித்த நெகட்டிவை எந்த ஸ்கேனரில் விட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். கெடுவதற்கு அதில் படிகமே மிச்சமில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாதாரண ஒளிக்கு ஒரு ஃபோட்டான் போதாது. தனியாக உருவான ஒற்றை வெள்ளி அணு நிலையற்றது, சில நொடிகளில் மறுபடி உடைந்து அயனியாகிவிடும். அடுத்த ஃபோட்டான் சீக்கிரம் வந்தால்தான் கூட்டு நிலைக்கும். மிக மங்கலான ஒளியில் ஃபிலிம் மந்தமாகிவிடுவது இதனால்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் ஃபோட்டான்களை அது தானாகவே தள்ளுபடி செய்துவிடுகிறது.

எக்ஸ் கதிரிடம் இந்தக் காவல் செல்லாது. பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு இரண்டேகால் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான். விமான நிலைய எக்ஸ் கதிர்க் குழாய்கள் 140, 160 கிலோவோல்ட்டில் இயங்குகின்றன. அவற்றிலிருந்து வரும் ஃபோட்டான் ஒன்றுக்கு 50,000 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும், பச்சை ஒளியைவிட 20,000 மடங்குக்கு மேல். அது ஒரு படிகத்தில் உறிஞ்சப்பட்டால் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்கள் ஒரே கணத்தில் விடுபடும். ஒரே அடியில் படிகம் பதிவாகிவிடும், சில சமயம் பக்கத்துப் படிகங்களும் சேர்ந்தே. காத்திருக்க வேண்டிய இரண்டாவது ஃபோட்டான் என்ற பேச்சே இல்லை. ஆகவே எவ்வளவு குறைவாக வந்தாலும் ஒவ்வோர் அடியும் கணக்கில் சேரும். சென்னையில் பட்டது, துபாயில் பட்டது, லண்டனில் பட்டது எல்லாம் கூடிக்கொண்டே போகும், டெவலப் செய்கிற நாள்வரை.

வெள்ளியின் அணு எண் 47, அயோடினுக்கு 53. கனமான அணுக்கள் எக்ஸ் கதிரை நன்றாக உறிஞ்சுபவை. ஜெலட்டினில் இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் அப்படியல்ல. சொல்லப்போனால் ஃபிலிம் பிறவியிலேயே ஒரு கதிர்வீச்சு உணரி. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரோன்ட்கன் 1895 டிசம்பரில் தன் மனைவியின் கை எலும்புகளைப் பதிவு செய்தது புகைப்படத் தகட்டில்தான். சில மாதங்களிலேயே, வெயில் படாமல் மேசை அறையில் கிடந்த தகடு யுரேனிய உப்பால் கறுத்திருந்ததைப் பார்த்துத்தான் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார்.

வேகமான ஃபிலிம், அதாவது குறைந்த ஒளியிலும் பதியும் ஃபிலிம், ஏன் முதலில் கெடுகிறது? ஐஎஸ்ஓ எண்தான் அந்த வேகத்தின் அளவு. ஐஎஸ்ஓ 3200 ஃபிலிமில் படிகங்கள் பெரியவை. ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான் அடித்தால் ஒரு படிகம் கறுக்கும். படிகம் பெரிதென்றால் அதே ஓர் அடிக்குக் கறுக்கும் வெள்ளி அதிகம். ஐஎஸ்ஓ 50, 100 ஃபிலிம்கள் பிழைத்துக்கொள்வது அவற்றின் பொடிப் படிகங்களால்தான்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். கைப்பைக்குப் பல காலமாகப் பயன்பட்டது சாதாரண எக்ஸ்ரே இயந்திரம். பெல்ட்டில் பை நகரும்போது விசிறி மாதிரி விரிந்த ஒரு மெல்லிய கதிர்த் தகடு அதைக் கடக்கும். பையின் ஒவ்வோர் இடமும் ஒரு கணம்தான் கதிரில் நிற்கும். கதிர்வீச்சை அளக்கும் அலகில் சொன்னால், ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கு முன்பின். ஐஎஸ்ஓ 400 ரோல் இதில் நாலைந்து முறை போனாலும் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்காது. 'ஃபிலிமுக்குப் பாதுகாப்பானது' என்று இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள், அந்த வகைக்கு அது உண்மையும்கூட.

செக்-இன் பெட்டியின் கதை வேறு. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பிக்கு மேலே பான் ஆம் 103 விமானம் வெடித்துச் சிதறியது; குண்டு இருந்தது ஒரு பெட்டிக்குள், கேசட் பிளேயரில். அதன் பிறகு பெட்டிகளில் வெடிமருந்தைத் தேடும் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்தது. மருத்துவமனை சிடி ஸ்கேன் முறையில் இயங்கும் சிடிஎக்ஸ் 5000 இயந்திரம் 1994இல் அமெரிக்க விமானத் துறையின் ஒப்புதலைப் பெற்றது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் எல்லாப் பெட்டிகளையும் இப்படிச் சோதிப்பது கட்டாயமானது. இந்த வகை இயந்திரம் முதலில் லேசாக ஒரு பார்வை பார்க்கும். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவே அகலமுள்ள வலுவான கதிரைப் பாய்ச்சும். அந்த இடத்தில் ஃபிலிம் இருந்தால் அவ்வளவுதான்.

அப்படிக் கெட்ட ரோலை ஒளிப்பெட்டியில் விரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். கறை நேர்கோடாக இல்லாமல் அலையாக, மேலும் கீழும் வளைந்து வளைந்து ஓடும். கதிர் வந்தது நேராகத்தான். ஃபிலிம் சுருண்டிருந்ததால் கதிர் அதைச் சாய்வாக வெட்டியிருக்கிறது. சாய்வாக வெட்டிய உருளையைப் பிரித்து விரித்தால் விளிம்பு சைன் அலையாகிவிடும். காகிதத்தைச் சுருட்டிச் சாய்வாகக் கத்தரித்துப் பார்த்தால் இது புரியும். இன்னும் உற்றுப் பார்த்தால் அலையின் நீளம் மாறுவதும் தெரியும். 36 படங்கள் கொண்ட ரோலின் வெளிச்சுற்று ஏறத்தாழ 6 செ.மீ., உட்சுற்று 3.5 செ.மீ. போல. முதல் படம் வெளியே, கடைசிப் படம் உள்ளே. ஆகவே தொடக்கப் படங்களில் நீண்டு கிடக்கும் அலை, கடைசிப் படங்களை நெருங்க நெருங்கச் சுருங்கிவிடும். படச் சட்டத்தின் எல்லையில் நிற்காமல் இடைவெளியிலும் துளைகளுக்கு இடையிலும் அது தொடர்ந்து ஓடும். லென்ஸ் வழியே வந்த எந்த ஒளியும் இப்படிக் கறை போடாது.

இப்போது அதே சிடி முறை கைப்பை வரிசைக்கும் வந்துவிட்டது. சுரங்கத்துக்குள் எக்ஸ் கதிர்க் குழாய் பையைச் சுற்றிச் சுழன்று, நூற்றுக்கணக்கான கோணங்களில் படமெடுத்து, முப்பரிமாண உருவத்தைக் கட்டுகிறது. அத்தனை கோணத்திலும் கதிர் வேண்டும், அத்தனையும் ஃபிலிமின் மேல் விழும். பெரும்பாலும் இதில் அலைக்கோடு விழாது. ரோல் முழுதும் ஒரே சீராக மூட்டம் படியும். சேதத்தைச் சேதம் என்றே கண்டுபிடிக்க முடியாமல், கேமராவையோ லேபையோ சந்தேகிக்க வைப்பது இந்த வகைதான். அமெரிக்காவில் 2019க்குப் பின் இவை பரவலாக வரத் தொடங்கின. பிரிட்டனில் பெரிய நிலையங்கள் 2024 ஜூனுக்குள் மாற்றிவிட வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. பல நிலையங்களில் வேலை அதையும் தாண்டி நீண்டது. சிடி ஸ்கேனர் என்றால் கையால் சோதிக்கச் சொல்லுங்கள் என்பதுதான் ஃபிலிம் தயாரிக்கும் கோடாக், இல்ஃபோர்டு இரண்டு தரப்பும் சொல்வது.

எப்படி அடையாளம் காண்பது? லேப்டாப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையிலேயே விட்டுவிடுங்கள் என்று ஊழியர் சொன்னால் அநேகமாக அது சிடி. இயந்திரம் பருத்து, வளைந்த உடலோடு இருக்கும். ஊழியரின் திரையில் பை சுழன்று சுழன்று தெரியும். எதுவும் தெரியவில்லையென்றால் சிடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் நடந்து போகும் மெட்டல் டிடெக்டரால் ஃபிலிமுக்குத் தொந்தரவு இல்லை, அது காந்தப்புலம். கையைத் தூக்கி நிற்கும் மில்லிமீட்டர் அலை ஸ்கேனரின் ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான். துணியால் துடைத்து வெடிமருந்துத் துகள் தேடுவதும் தீங்கற்றது.

விமானம் பறக்கும் உயரத்தில் விண்வெளிக் கதிர்கள் மணிக்குச் சில மைக்ரோசீவர்ட் அளவில் பாய்கின்றன. பத்து மணி நேரப் பயணத்தில் அது சாதாரண ஸ்கேனர் தருவதைவிடப் பல மடங்கு. பிறகு ஸ்கேனருக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மைக்ரோசீவர்ட் என்பது மனித உடலுக்கான அளவுகோல். 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே இருக்கும் எக்ஸ் கதிரை வெள்ளியும் புரோமினும் தசையைவிட மிக அதிகமாக உறிஞ்சுகின்றன. அதே அளவு உயர் ஆற்றல் காமா கதிரோடு ஒப்பிட்டால் ஃபிலிம் 20 மடங்குக்கு மேல் கறுக்கும். கதிர்வீச்சுள்ள இடங்களில் வேலை செய்பவர்கள் தங்கள் மேல் பட்ட அளவை அறிய அணியும் ஃபிலிம் பேட்ஜ்களில் உலோக வடிகட்டிகள் வைத்ததே இந்தக் கோளாறைச் சரிக்கட்டத்தான்.

ஈயப் பைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய ஈயம் கதிரைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. திரையில் ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும். பையைத் திறப்பார்கள், அல்லது இன்னொரு முறை ஸ்கேனருக்குள் அனுப்புவார்கள்.

கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பதுதான் சிறந்த வழி. அமெரிக்காவில் பயணி கேட்டால் ஃபிலிமை எக்ஸ்ரே இல்லாமல் சோதிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மற்ற நாடுகளில் அது ஊழியரின் விருப்பம்; நம் ஊரில் விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் சிஐஎஸ்எஃப் படை அதிகாரியின் முடிவு. கூட்டம் குறைவான நேரத்தில், பணிவாக, பை பெல்ட்டில் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். அட்டைப்பெட்டியையும் கறுப்பு டப்பாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, ரோல்களை மட்டும் ஒளி ஊடுருவும் ஜிப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 3200 ரோல் ஒன்று இருந்தால் அது மேலே தெரியட்டும், ஊழியருக்கு அந்த எண் புரியும். மறுத்துவிட்டால் வாதாடாமல், அங்கே சாதாரண இயந்திர வரிசை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருப்பது சிக்கல். கேமராவைத் திறந்து காட்டச் சொல்வார்கள். நிலையத்துக்குப் போகும் முன் படங்களை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் எத்தனையாவது படம் என்று குறித்துக்கொண்டு, ஃபிலிமின் நாக்கு, அதாவது அதன் முன்முனை, டப்பாவுக்கு வெளியே நிற்கும்படி சுருட்டி எடுத்துவிடுங்கள்; பிறகு லென்ஸை மூடி அத்தனை படங்களைத் தள்ளிவிட்டு ஒன்றிரண்டு கூடுதலாகவும் விட்டுத் தொடரலாம். ரோலாக இல்லாமல் தனித் தாள்களாக வரும் ஷீட் ஃபிலிம் பெட்டியை வெளிச்சத்தில் திறக்கவே முடியாது, அதனால் ஒளி புகாமல் உள்ளே கைவிட்டு ஃபிலிமைக் கையாளும் கறுப்பு மாற்றுப் பை ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நல்லது. இன்ஸ்டாக்ஸ் பாக்கெட்டும் யூஸ் அண்ட் த்ரோ கேமராவும் ஃபிலிம்தான் என்பது பலருக்கு நினைவு வருவதில்லை. இரண்டிலும் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 800 இருக்கும்.

நீண்ட பயணமென்றால் போன ஊரிலேயே ஃபிலிம் வாங்கி, அங்கேயே கழுவிவிட்டு நெகட்டிவோடு திரும்புவது எல்லாவற்றையும்விட நிம்மதி. கூரியரில் அனுப்பித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், சர்வதேசப் பார்சல்களும் ஸ்கேனர் வழியேதான் போகின்றன.

படம் எடுக்காத ரோல் சிடிக்குள் போய்விட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூட்டம் முதலில் விழுங்குவது நிழல் விவரங்களை. நெகட்டிவ் ஃபிலிமானால் ஐஎஸ்ஓ 400 ரோலை 200 என்று மீட்டரில் வைத்து எடுங்கள். கூடுதல் ஒளி நிழல்களை மூட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். புஷ் செய்யாதீர்கள், அதாவது டெவலப்பரில் கூடுதல் நேரம் விடாதீர்கள், அது மூட்டத்தையும் சேர்த்துப் பெருக்கும். ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதில் மூட்டம் கறுப்பையே கரைத்துவிடுகிறது, கூடுதல் ஒளி கொடுத்தால் வெள்ளைப் பகுதிகளும் போய்விடும்.