மீன்கள் செத்து மிதந்தால் அடிச்சேற்றைப் பாருங்கள்

கடந்த மாதம் மீண்டும் அதே அழைப்பு வந்தது. நகர விளிம்பில் உள்ள ஓர் ஏரியில், மேகமூட்டமும் புழுக்கமுமாக இருந்த ஓர் இரவுக்குப் பிறகு, ஜிலேபிக் கெண்டைகள் கரையோரம் வெள்ளை வெளேரென்று செத்து ஒதுங்கியிருந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் காவல் நிலையம் வரை போய்விட்டார்கள். நண்பகலில் கரையில் நின்றபடியே மேல்தண்ணீரை ஒரு பாட்டிலில் மொண்டு, "ஆக்சிஜன் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பியும் வைத்தார்கள். அப்படி வரும் பாட்டிலை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. கரைந்த ஆக்சிஜனை ஏரியிலேயே மீட்டரை இறக்கி அளக்க வேண்டும், அல்லது மொண்ட அந்த நிமிடமே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். அதைவிட முக்கியம், விடியலுக்கு முன் அளக்க வேண்டும். பச்சைப்பாசி நிறைந்த ஏரி பகல் வெளிச்சத்தில் ஆக்சிஜனை அள்ளித் தரும். இரவு முழுவதும் அதே பாசி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நண்பகல் அளவைக் காட்டி "ஏரி நலமாக இருக்கிறது" என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நான் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பரிசலில் போய் அளந்தபோது, மேற்பரப்பிலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. அடியில் ஒன்றுமே இல்லை. பெரும்பாலான மீன்கள் நிம்மதியாக வாழ 4 முதல் 5 மில்லிகிராம் வேண்டும். விஷத்துக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அப்போது அங்கிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "சாக்கடை வாயை அடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சே, இன்னும் ஏன் இப்படி?"

இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். ஏரிச் சீரமைப்பில் இறங்கும் நல்லெண்ணம் கொண்டவர்கள், பொறியாளர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் என அனைவரிடமும் ஒரே நம்பிக்கையைப் பார்க்கிறேன். அடியில் படிந்த அழுக்கு அத்தோடு தீர்ந்தது, கழிவுநீர் வரத்தை நிறுத்திவிட்டு ஒரு நல்ல மழைக்குக் காத்திருந்தால் ஏரி தானாகத் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. வரத்தை நிறுத்துவது முதல் வேலை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிந்தது தீர்ந்துவிடுவதில்லை. இருபது ஆண்டுகளாகக் கழிவுநீர் கொண்டுவந்து சேர்த்த சத்து முழுவதும் அந்தச் சேற்றில் இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் கோடையில் அது தண்ணீருக்குத் திரும்பி வருகிறது.

உழவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, ஏரியை விட்டு வெளியேற ஒரு வழி உண்டு. சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதில் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரசுக்கு, அந்த வழி இல்லை. உபரிநீர் வழியும் கலங்கல் வழியாகத் தண்ணீரோடு போக வேண்டும், அல்லது சேறாக, செடியாக, மீனாக யாராவது வெளியே எடுத்துப்போக வேண்டும். அதுவரை அது ஏரிக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். 1 கிராம் மணிச்சத்து சுமார் 100 கிராம் உலர்ந்த பாசியை வளர்க்கப் போதுமானது. அந்தப் பாசி செத்து அடியில் விழுந்து மட்கினால் அதே 1 கிராம் மீண்டும் கைக்கு வரும். ஏரியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி நுண்ணுயிர் உருண்டைகளை அதில் எறிவதை நான் தொடர்ந்து எதிர்ப்பதற்குக் காரணமும் இதுதான். மணிச்சத்து ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று இல்லாமல் ஆக்க முடியாது. தவிடும் வெல்லப்பாகும் கலந்து உருட்டிய உருண்டை, ஏற்கெனவே மூச்சுத் திணறும் சேற்றுக்கு இன்னும் கொஞ்சம் அழுகும் பொருளைத்தான் சேர்க்கிறது.

அன்று காலை சேறு எடுக்கும் கவ்வியை இறக்கித் தூக்கித் தட்டில் திறந்தபோது, கன்னங்கரிய கூழ் பரவியது. அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் அதன் மேல்தோல் மட்டும் பழுப்பாக மாறத் தொடங்கியது. அந்த நிற மாற்றத்தை அந்தப் பெரியவரிடம் காட்டினேன். பழுப்பு என்பது துருவேறிய இரும்பு. அது மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரையும் நிலைக்கு மாறி அந்தப் பிடியை விட்டுவிடுகிறது. கழிவுநீரோடு வந்த சல்பேட்டும் அங்கே சல்பைடாக மாறி, இரும்பைக் கருநிறச் சேர்மமாகக் கட்டிப்போடுகிறது. பிறகு மணிச்சத்தைப் பிடிக்க அங்கே இரும்பு மிஞ்சுவதில்லை. ஏரி ஆய்வாளர் கிளிஃபோர்ட் மார்டிமர் 1941, 1942-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஏரிச் சேற்றை வைத்து விளக்கிய செய்தி இது, புதிதல்ல.

நம் ஏரிகளில் நிலைமை இன்னும் கடினம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு ஆழமே 24 அடிதான். ஊர் ஏரிகள் அதைவிட மிகக் குறைவு. இந்த ஆழத்தில் காற்று அடித்தாலே சேறு கலங்கும். கெண்டையும் கெளுத்தியும் கிளறினாலும் கலங்கும். ஆண்டு முழுவதும் வெப்பம் இருப்பதால் மட்குதல் ஒரு நாளும் ஓய்வதில்லை. பாசி பூத்துத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும்போது, ஆக்சிஜன் இருந்தாலும்கூட இரும்பின் பிடி தளர்கிறது. ஆகவே ஏரி ஆழமில்லாதது, அடிவரை காற்றோட்டம் இருக்கும் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

ஸ்வீடன் நாட்டின் ட்ரும்மன் ஏரியில் 1950-களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்தினார்கள். பத்தாண்டுகள் கடந்தும் ஏரி தேறவில்லை. 1970, 1971-ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு அரை மீட்டர் வீதம் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் மணிச்சத்தும் பாசியும் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்காவின் ஷகாவா ஏரியில் 1973-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும், கோடைதோறும் சேறே பாசிக்குத் தீனி போட்டது. அந்தப் பெரியவரின் இரண்டு ஆண்டுகள் மிகக் குறுகிய காலம் என்று நான் சொன்னதை அவர் நம்பத் தயங்கினார். ஆனால் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது: அவர் சிறுவயதில் ஒவ்வொரு கோடையிலும் ஏரி வற்றியதும் மாட்டு வண்டிகள் உள்வாயில் இறங்கி வண்டலை வயலுக்கு அள்ளிப் போகுமாம். எனக்குத் தெரிந்தவரை ஏரியிலிருந்து மணிச்சத்தை வெளியேற்ற அதைவிடச் சிறந்த முறை நம்மிடம் இல்லை. உழவருக்கு உரம், ஏரிக்கு ஆழம், தண்ணீருக்குத் தெளிவு என எல்லாம் அந்த ஒரே வேலையில் நடந்தன.

இனி நான் கேட்டுக்கொள்பவை. மீன் செத்தால் தண்ணீரை விடியற்காலையில் அளக்கச் சொல்லுங்கள். அடித்தண்ணீரையும் சேற்றையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நீரூற்று இயந்திரம் வைத்திருந்தால், பார்வையாளர்களுக்காக மாலையில் மட்டும் ஓட்டாமல் நள்ளிரவிலிருந்து காலை வரை ஓட்டுங்கள். ஆக்சிஜன் வேண்டிய நேரம் அதுதான். பச்சைப் படலத்தைப் பார்த்துப் பதறி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தெளிக்காதீர்கள். பாசி ஒரேயடியாகச் செத்து, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். நீலப்பச்சைப்பாசியாக இருந்தால் அதன் உடலுக்குள் இருக்கும் நச்சும் தண்ணீரில் கலந்துவிடும். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆடு மாடுகளை அந்தத் தண்ணீருக்கு ஓட்டாதீர்கள். குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.

தூர்வாருவதற்கு ஏரி வற்றிய காலத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் நிற்கும்போது இயந்திரத்தால் கலக்கி எடுத்தால், எடுப்பதைவிடக் கரைத்துவிடுவது அதிகமாகும். கழிவுநீர் தேங்கிய ஏரியின் சேற்றை வயலுக்குக் கொண்டுபோகும் முன், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களுக்குக் கட்டாயம் பரிசோதனை செய்யுங்கள். அந்தக் காலத்து வண்டலும் இதுவும் ஒன்றல்ல. ஆகாயத்தாமரையை வாரினால் அன்றே வண்டியில் ஏற்றுங்கள்.

நான் சொன்ன அந்த ஏரியில் சென்ற கோடையில் பாதிப் பரப்புக்குத் தூர்வாரியிருக்கிறார்கள். வாரிய சேறும் ஆகாயத்தாமரையும் கரையின் உட்சரிவிலேயே ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. மழை பெய்தால் அத்தனையும் கரைந்து மீண்டும் உள்ளேயே இறங்கும். அங்கிருந்து திரும்பும் முன் பொறுப்பில் இருப்பவரிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன், இங்கேயும் எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்: ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் அந்தக் குவியலைக் கரைக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.